அடுப்படிச் சுவரில் ஒரு கைசன் தாள்

இன்று காலை அரசு மருத்துவமனையில் டாக்டரம்மா என் எடையைப் பார்த்துவிட்டு, பிரஷர் மாத்திரையை இனிமேல் பாதி போட்டால் போதும் என்றார். "ரொம்ப மெலிஞ்சிட்டீங்கய்யா. பிரஷரும் எறங்கியிருக்குது. முழுசாப் போட்டா தலை சுத்தும். ஒடச்சுப் போட்டுக்குங்க." சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் மாத்திரையை உடைக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடியபோது, அடுப்படி ஜன்னல் கம்பியோரத்தில், பால் பாக்கெட் துண்டில் சுற்றி நீ வைத்திருந்த பாதி பிளேடு கையில் பட்டது. பிரித்தேன். விளிம்பில் வெள்ளைத் தூள் இன்னும் ஒட்டியிருக்கிறது. அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன், பயப்படாதே. புதுத் தாள் வாங்கவில்லை.

முப்பது வருஷம் ஒரே கம்பெனி. நீ லேத் மெஷினில் நின்றாய், நான் அந்த லைனுக்கு சூப்பர்வைசராக உன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். ஓய்வு பெற்றபின் உன் வீட்டுக்காரம்மா போய்ச் சேர்ந்தார். மகன் பெங்களூரில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் இருந்தான். என் வீட்டுக்காரியோ பேரனைப் பார்த்துக்கொள்ள மகளோடு கோயம்புத்தூர் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டில் எனக்குப் பாய் விரிக்க இடமில்லை. கையில் வந்த பெருந்தொகையை நீ மகனின் வீட்டு அட்வான்சுக்கும் நான் மகளின் கல்யாணத்துக்கும் கொடுத்திருந்தோம். மிஞ்சியது பென்ஷன். ஓய்வு பெற்ற அன்று என்னவோ அதேதான் இன்றும். தனித்தனியாக வாடகை கொடுத்தால் சாப்பிட முடியாது, சாப்பிட்டால் வாடகை கொடுக்க முடியாது. மத்திகிரியில் மாட்டுப்பண்ணைக்குப் பக்கத்துத் தெருவில் இந்த வீட்டை நீதான் பார்த்து வைத்தாய். "ரெண்டு பேரும் சேந்தா ஒரு மனுசன் பொழைக்கலாம், சூப்பர்வைசரே" என்றாய்.

சிக்கனம் என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். நம்மைப் போல் அதைக் கம்பெனி முறைப்படி நடத்தியவர்கள் ஓசூரிலேயே இருக்க மாட்டார்கள். வேலை செய்த காலத்தில் நமக்குக் கைசன் என்று ஒன்று இருந்ததே. ஜப்பான்காரன் பழக்கம். எவனாவது ஒரு வீண்செலவைக் கண்டுபிடித்துக் குறைத்தால் அதை ஒரு தாளில் எழுதி ஒட்ட வேண்டும். இடப்பக்கம் 'முன்பு', வலப்பக்கம் 'பின்பு', அடியில் 'செய்தவர்', அதற்கும் அடியில் 'சரிபார்த்தவர்'. மாதம் ஒரு சிறந்த கைசனுக்கு எல்லோர் முன்னாலும் கைதட்டி ஒரு டிபன் பாக்ஸ் கொடுப்பார்கள். இந்த வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரமே நீ காலண்டர் தாளில் கோடு போட்டு அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட்டாய். செய்தவர் நீ. சரிபார்த்தவர் நான். பரிசு, கூட்ரோடு பேக்கரியில் ஒரு டீயும் தேங்காய் பன்னும்.

சவர பிளேடை இரண்டாக ஒடித்துப் பாதி பாதியாகப் பயன்படுத்துவது உன் முதல் கைசன். சோப்பைக் கம்பியால் அறுத்து, பாதியை வெயிலில் காய வைத்து எடுத்தால் கரையாது என்பது இரண்டாவது. அரிசியை ஊறவைத்து உலையில் போட்டு, ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, பழைய போர்வையால் பானையைச் சுற்றி வைத்தது என் கைசன். அதற்கு நீயே சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு, 'சோறு கொஞ்சம் விறைப்பு' என்று குறிப்பும் எழுதினாய். எல்லாம் வெற்றி என்று சொல்ல மாட்டேன். கறுப்பு கேனில் தண்ணீர் பிடித்து மொட்டை மாடியில் வைத்தால் வெந்நீர் ஆகிவிடும் என்றாயே. மார்கழி மாசத்து ஓசூரில் வெயில் எங்கே இருக்கிறது. பல் கிடுகிடுக்கக் குளித்துவிட்டு வந்து, "சூடாத்தான் இருக்குது, நீ வேணா தொட்டுப் பாரு" என்று நின்றாய். அன்று வயிறு வலிக்கச் சிரித்தேன். நீயும் நடுங்கிக்கொண்டே சிரித்தாய்.

உழவர் சந்தைக்கு வெயில் ஏறியபின்தான் போவோம். கடையைக் கட்டும் நேரத்தில் தக்காளி கூறாகக் கிடைக்கும். போகும்போதும் நடை, வரும்போதும் நடை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லையே என்று நான் ஒருநாள் புலம்பியதற்கு, "அவுங்களுக்கு பஸ்ஸு ஃப்ரீ, நமக்கு ரோடு ஃப்ரீ. யாரையும் கொற சொல்லாத, நட" என்றாய். சில நாட்களில், நம்மோடு வேலை பார்த்த டிரைவர் கம்பெனி பஸ்ஸை நமக்காக மெதுவாக்குவான். உள்ளே பையன்கள் எல்லாம் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தூங்குவார்கள். நாம் படியோரம் நின்று வருவோம். இறங்கும்போது நீ அந்தச் சீருடைகளை ஒருமுறை திரும்பிப் பார்ப்பாய். நான் பார்க்க மாட்டேன்.

உன் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தது காப்பீட்டு அட்டையில் முடிந்தது. மாத்திரைதான் பாடாய்ப் படுத்தியது. ரத்தம் உறையாமல் இருக்க அதை ஒரு நாளும் விடக்கூடாது என்று பெரிய டாக்டர் உன்னிடமும் சொன்னார், என்னிடமும் சொன்னார். இலவசமாகக் கிடைத்த மாதம் கிடைத்தது. இருப்பு இல்லாத மாதங்களில் சீட்டை எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்குப் போக வேண்டியிருந்தது. அப்படி மூன்று மாதம் தொடர்ந்து நடந்தபோதுதான் வீட்டு ஓனரம்மா வாசலில் வந்து நின்றார். "அடுத்த மாசத்துல இருந்து ஆயிரம் சேத்துக் குடுத்துடுங்கப்பா. என்னா பண்றது, தண்ணி லாரிக்கே சரியாப் பூடுது." அவர் பொல்லாதவர் இல்லை. தெருவில் எல்லா வீட்டுக்கும் ஏற்றியிருந்தார்கள்.

அன்று நீ தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தாய். "என்னால இழுக்க முடியலைன்னா மகங்கிட்ட போயிடறன். ஹால்ல ஒரு மூலை கெடைக்கும். ஆனா நீ என்னா பண்ணுவ?" என்று கேட்டாய். நீ போய்விட்டால் இந்த வாடகையில் பாதியைக்கூட நான் கொடுக்க முடியாது என்பது உனக்கும் தெரியும். எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். சூப்பர்வைசர் அல்லவா, வீராப்பாக எழுந்து கை கழுவப் போனேன்.

அந்த மாதக் கடைசியில் சுவரில் புதுத் தாள் இருந்தது. முன்பு: மருந்துச் செலவு. பின்பு: அதில் பாதி. செய்தவர் என்ற இடத்தில் உன் கோணல் கையெழுத்து.

"என்னய்யா, மெடிக்கல மாத்திட்டியா? விலை கம்மியாத் தர்ற கடை கெடைச்சிருச்சா?" என்று கேட்டேன்.

"அப்படித்தான் வெச்சுக்கயேன்" என்றாய்.

லைனில் ஒரு பீஸ் கெட்டுப்போனால் நான் ஐந்து தடவை 'ஏன்' கேட்பேன், ஞாபகம் இருக்கிறதா? ஏன் கெட்டது, ஏன் டூல் தேய்ந்தது, ஏன் மாற்றவில்லை என்று அடிவேர் கிடைக்கும்வரை விடமாட்டேன். கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கேட்கிறவன் சூப்பர்வைசரே இல்லை என்று பையன்களைக் காய்ச்சி எடுத்திருக்கிறேன். என் முதுகுக்குப் பின்னால் நீ, "அஞ்சாவது ஏனுக்கு எப்பவும் ஒரே பதிலுதான், துட்டு இல்ல" என்று சொல்லிச் சிரிக்க வைப்பாய். அப்பேர்ப்பட்ட நான் அன்று பதிலையும் நானே உன் கையில் கொடுத்தேன். நீ வாங்கிக்கொண்டாய்.

கையெழுத்துப் போட்டேன். முதல் பரிசு என்று மேலே எழுதினேன். பேக்கரியில் எப்போதும் பை டூ தான் சொல்வோம், ஒரு டீயை இரண்டு கிளாஸில் பாதி பாதியாக. அன்று நீ கடைக்காரரிடம், "இன்னைக்கி பை டூ வேணாம்பா, ஆளுக்கு முழுசு" என்றாய். உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன். அதன்பின் ஒரு நாள் ஜன்னலோரத்தில் இந்தப் பிளேடின் மேல் தூளைப் பார்த்தேன். சவர சோப்பாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். சோப்பாக இருந்தால் நல்லது என்று விட்டுவிட்டேன்.

நான்காவது மாதம். காலையில் குடத்தோடு வந்தவன் படியில் உட்கார்ந்தாய். "ஏம்ப்பா, மாரெல்லாம் அடைக்குது." சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. தண்ணீர் சிந்திவிட்டது என்று முதலில் நினைத்தேன். ஆட்டோவில் உன் தலை என் தோளில் இருந்தது. கூட்ரோடு தாண்டும்போது கண்ணைத் திறக்காமலே, "எவ்ளோ கேட்டான்?" என்றாய். "தெரிஞ்ச பையன்யா, காசு வாங்க மாட்டான்" என்று பொய் சொன்னேன். "அப்பச் சரி" என்றாய். அதற்குப் பிறகு நீ எதுவும் பேசவில்லை.

உன் மகன் மதியம் வந்து சேர்ந்தான். அழுது முடித்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "அங்கிள், மாத்திரை எல்லாம் ஒழுங்காப் போட்டாரா?" என்று கேட்டான். "ஒரு நாள் கூட விடலப்பா" என்றேன். அப்போது அது உண்மை என்றே நம்பிக்கொண்டேன். எல்லாரும் போனபின் உன் டிபன் பாக்ஸைத் திறந்தேன், கம்பெனியில் கைசனுக்கு வாங்கிய அதே டிபன் பாக்ஸ். உள்ளே மாத்திரைகள் எல்லாம் பாதி பாதியாக, ஒரே அளவில், ஒன்றுகூடப் பொடியாகாமல் இருந்தன. உன் லேத் கை அப்படி. அவனைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல மூன்று முறை போனை எடுத்தேன். சொன்னால் அவன் தன்னைத்தான் நொந்துகொள்வான். சொல்லாவிட்டால் நான் நொந்துகொள்கிறேன். இருவரில் எனக்குத்தான் வேறு வேலை இல்லை.

இந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறேன். தேன்கனிக்கோட்டை ரோட்டில் ஒரு கிடங்கில் வாட்ச்மேன் வேலை. தங்கிக்கொள்ள கேட் பக்கத்தில் தகரம் போட்ட அறை ஒன்று உண்டு. என் வீட்டுக்காரி போனில் அழுதாள், இங்கே வந்துவிடுங்கள் என்று மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. இனிமேல் என்னத்தை மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது என்று தெரியவில்லை. ஆனாலும் கை பழகிப்போய்விட்டது. நேற்றும் சோப்பைப் பாதியாகத்தான் அறுத்தேன்.

இன்று இந்தத் தாளில், வேலை இல்லாதவன் போல, ஐந்து ஏன் எழுதிப் பார்த்தேன். ஏன் போனாய்? ரத்தம் உறைந்தது. ஏன்? பாதி மாத்திரை. ஏன்? வாடகை. ஏன் மகனிடம் போகாமல் இங்கேயே கிடந்தாய்? நீ போனால் நான் தெருவுக்கு வந்துவிடுவேன். ஐந்தாவதுக்குப் போகவே இல்லை. நாலாவதிலேயே அடிவேர் கிடைத்துவிட்டது, அது துட்டு அல்ல, நான்.

உன் கடைசிக் கைசன் தாளைச் சுவரிலிருந்து கிழியாமல் உரித்துவிட்டேன். பென்ஷன் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன், போகிற இடத்துக்கெல்லாம் அது வரும். சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து எவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது தெரியுமா.

மாத்திரையை நான் உடைக்கவில்லை. அந்தப் பிளேடை மறுபடி தொட முடியவில்லை. முழுசாகவே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். டாக்டரம்மா சொன்னது சரிதான், தலை சுற்றுகிறது, எழுத்து கோணுகிறது. உன் பாதியையும் சேர்த்து நான் போட்டுக்கொண்டேன் என்று வைத்துக்கொள்.