மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினேன்

ஆசையும் பிடிவாதமும் சரிபாதியாக இருந்த என் மாமாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. உங்கள் மேல், அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் மேல், எல்லாரையும்விட என் மேல்.

குடலிறக்க ஆபரேஷனுக்குச் சேர்த்தபோது டாக்டர் கேட்டார்: "முன்னாடி ஆபரேஷன் ஏதாச்சும் ஆயிருக்குங்களா?" நீங்கள் சட்டென்று "இல்லைங்க" என்றீர்கள். மூன்று மாதத்துக்கு முன்புதான் சேலத்தில் இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் என்கிற கம்பிச் சுருள் வைத்திருந்தார்கள். மணிக்கட்டு வழியாக வைத்தார்கள். கத்தி இல்லை, தையல் இல்லை. அது உங்களுக்கு ஆபரேஷனாகவே படவில்லை. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையையும், அறுத்தால் ரத்தம் நிற்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஐந்து நாளாக நிறுத்தியிருந்தீர்கள்.

எல்லாம் தெரிந்த நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆம்பிளை பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். மாத்திரை இல்லாததால் ஆபரேஷன் முடிந்த மறுநாளே ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது. உங்களைத் தூக்கிக்கொண்டுதான் வீடு வந்தோம். என்ன மரியாதை மாமா அது? அவர்களும்தான் ஒரு வார்த்தை, "நெஞ்சுக்கு ஏதாச்சும் வெச்சிருக்குதா" என்று கேட்டால் வாய் வலிக்குமா?

இப்போது நம் மகன் செல்வத்துக்கும் அதே கதை. ஸ்டென்ட் வைத்து நாலு மாதம், பித்தப்பையில் கல். தக்காளி பறிப்புக்குள் எடுத்துவிட வேண்டுமாம். "இது ஆபரேஷனே இல்லம்மா, நாலு ஓட்டை போட்டு எடுத்துடுவாங்க" என்கிறான். உங்கள் பிள்ளை அல்லவா!

போன வாரம் தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். அதே கேள்வி. அவனும் "இல்லைங்க" என்றான். அவன் கையைப் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பி மேசைமேல் வைத்தேன்.

"இந்தப் புள்ளி வழியாத்தான் நெஞ்சுக்கு ஸ்டென்ட் போயிருக்குதுங்க. இவங்கப்பனும் இப்படித்தான் இல்லைன்னாரு. நெஞ்சு டாக்டருக்குப் போன் போடாம இவன் வயித்துல கை வெக்காதீங்க."

"மானத்த வாங்காதம்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்டா. உங்கப்பன் மானத்தோடதான் போனாரு."

டாக்டர் எங்கள் எதிரிலேயே போன் போட்டார். இருவரும் இங்கிலீஷில் பேசினார்கள். பிறகு சொன்னார்: "கல்லு இப்ப அவசரமில்லைங்க. ஸ்டென்ட் வெச்சு ஆறு மாசம் முடியட்டும். நாங்க சொல்லாம மாத்திரைய ஒரு நாள்கூட நிறுத்தாதீங்க."

அஞ்சாவது படித்தவள் இரண்டு டாக்டர்களைப் பேச வைத்தேன் மாமா. பெருமைதான். அன்றைக்கே பேசியிருந்தால்?

செல்வம் என்னோடு பேசுவதில்லை. இருக்கட்டும். மாத்திரையை மட்டும் என் எதிரில் விழுங்குகிறான். விழுங்கியதும் உங்கள் பேத்தி காலண்டரில் கோடு போடுகிறாள்.

அவனை ஆபரேஷனுக்கு உள்ளே கூட்டிப்போகும் நாளில் கதவுவரை நானும் போவேன். மயக்க ஊசி போடுகிறவரிடமும் அந்தக் கையைத் திருப்பிக் காட்டுவேன். யார் பேசிக்கொண்டிருந்தாலும் குறுக்கே பேசுவேன்.

உங்கள் அக்கா மகளும்
செல்வத்தின் அம்மாவுமான
ராஜம்மா