ஒன்று நின்றாலும் மற்றவை ஓடும்

இன்று காலை கியாக்தான் மருத்துவமனையிலிருந்து ஓ நெகட்டிவ் இரத்தம் கேட்டு ஒரு கோரிக்கை வந்தது. நம் இரத்ததானச் சேவையின் சர்வர் தேடி எடுத்த கொடையாளர் பட்டியலில் முதல் பெயர் உன்னுடையது. நீ போய் எட்டு மாதமாகியும் அதை நீக்க எனக்குக் கை வரவில்லை. உன் எண்ணுக்குச் செய்தி போயிற்று. பத்து நிமிடம் பதில் இல்லாததால், நீ நிரலில் எழுதி வைத்தபடியே அடுத்தவருக்குப் போயிற்று. அந்தப் பத்து நிமிடம் ஒரு நோயாளியுடையது. உடனே உன் பெயரை எடுத்துவிட்டேன். அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கோரிக்கை வாங்குவது, ஆளைத் தேடுவது, செய்தி அனுப்புவது என்று எல்லாவற்றையும் முதலில் ஒரே கண்டெய்னரில், ஒரே நிரல் பெட்டிக்குள், அடைத்தவள் நான். நீ வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரமே, "இதை மூணாப் பிரிக்கணும்டி" என்றாய்.

"நல்லா ஓடுறதை ஏன் உடைக்கிற?" என்றேன்.

அதன்பிறகு மூன்று நாள் நாம் பேசவில்லை. வீட்டுக்குப் போகும் தின்கன்ஜூன் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தும் பேசவில்லை.

நான்காம் நாள் மதியம், அலுவலகத்தில் எல்லோரும் பார்க்க, என்னுடையதையும் நீ பிரித்து எழுதியதையும் சோதனை சர்வரில் ஓடவிட்டாய். இரண்டிலும் செய்தி அனுப்பும் பகுதியை வேண்டுமென்றே முடக்கினாய். என்னுடையது மொத்தமாக விழுந்தது. உன்னுடையதில் அந்த ஒன்று மட்டும் நின்றது. வந்த கோரிக்கைகள் வரிசையில் காத்திருந்து, அது எழுந்ததும் ஒவ்வொன்றாகப் போயின.

"விழாம இருக்கிறது நம்ம கையில இல்ல. எதோட எது சேர்ந்து விழும்ங்கிறது நம்ம கையிலதான் இருக்கு" என்றாய்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று மாலையே என் நிரலை நானே பிரிக்க உட்கார்ந்தேன்.

அந்த மழைக்காலத்தில், ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. அந்த நேரம் பார்த்துச் செய்தி போகும் இணைப்பு அறுந்தது. மூன்று முறை முயன்றும் பதில் வராததால், நீ வைத்திருந்த ஏற்பாடு அந்த வழியை மூடிவிட்டு வேறொரு வழியில் செய்தியை அனுப்பியது. ஆற்றுக்கு இந்தப் பக்கமிருந்த ஒரு டீச்சர் படகில் போய் இரத்தம் கொடுத்தார். தாயும் பிள்ளையும் நலம் என்று போன் வந்தபோது எனக்கு அழுகை வந்தது. நீயோ, "அந்த மூணு தடவையை ரெண்டாக் குறைக்கணும்" என்றாய்.

பிறகு ஐந்தே நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். நீ இல்லாமல் இதை நடத்த முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நடத்துகிறேன். இன்னும் சில மருத்துவமனைகளைக்கூடச் சேர்த்திருக்கிறேன்.

நேற்று, புதிதாகச் சேர்ந்த கோ மின், நான் எழுதிய தேடும் பகுதி மெதுவாக ஓடுகிறது, மாற்றி எழுதலாமா என்று பர்மிய மொழியில் தயங்கித் தயங்கிக் கேட்டார். எனக்கு முகம் சுருங்கவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் சொன்னதில் பாதி சரி. அதை அப்போதே மாற்றினோம். மீதிக்கு இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். அதில் நான் சொல்வதுதான் சரி.