செல்வத்திடம் சொல்லாதது

திங்கள், இரவு

காலையில் டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் செய்த முழங்கால் நடக்கத் தாங்கும், வண்டி ஓட்டத் தாங்கும், ஃபுட்பால் மட்டும் இனி வேண்டாம் என்றார். நாற்பத்திரண்டு வயதில், கொஞ்ச நேரமாவது ஆடலாமா என்று கெஞ்சிக் கேட்டேன். வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் செல்வம் வந்தான். பழனிசெட்டிபட்டியில் டயர் கடை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு ஆடுகிறவன். பந்துக்குப் பாய்ந்து என் முழங்கால் மேல் வந்து விழுந்தது அவன்தான். அதற்குப் பிறகு அவனும் ஆட இறங்கவில்லையாம்.

"எப்பண்ணே கிரவுண்டுக்கு வருவீக?" என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"சித்திரை பொறக்கட்டும்டா. அதுவரைக்கும் நீ ஏன் சும்மா கெடக்க? போயி ஆடு."

அவன் முகம் தெளிந்தது. "அப்ப வார ஞாயித்துக்கெழம போறேண்ணே" என்று சொல்லிக் கிளம்பினான்.

கதவைச் சாத்திவிட்டு வந்த என் மனைவி, "டாக்டரு சொன்னத அந்தத் தம்பிகிட்ட ஏன் மறைச்சீக?" என்றாள்.

"சொன்னா அவனும் விட்டுருவான்."

அவள் என் காலுக்கடியில் தலையணையை வைத்துவிட்டுப் போனாள்.

அவனுக்காகத்தான் சொன்னேன். ஆனால் சித்திரை என்று சொன்னபோது நானும் அதை நம்பினேன்.