மடியில் வைத்தாலும் எடைதான்

போன வாரம் பழங்காநத்தத்தில் ஒரு டாக்டரிடம் போயிருந்தேன். மூட்டுவலிதான், பயப்படும்படி ஒன்றுமில்லை. நர்ஸ் பெண் எடை மெஷினைக் காட்டி, "செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்கய்யா" என்றது. ஏறுவதற்கு முன்பே உன் குரல் காதில் விழுந்தது: "எழுபத்திரண்டு." முள்ளும் எழுபத்திரண்டில் போய் நின்றது. ஆளைப் பார்த்ததும் மனதுக்குள் எடை போடுகிற வியாதி உன்னிடமிருந்து எனக்குத் தொற்றியதுதான். நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்த அந்தப் பெண் பிரஷரையும் ஒருமுறை பார்த்துவிட்டது.

நம் கம்பெனியை இன்றைக்கு யாருக்கும் தெரியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையிலிருந்து திருச்சி வழியாக மெட்ராஸுக்குத் தினம் ஒரு தடவை போய்வந்த விமானம். பதினெட்டு சீட்டு, இரண்டு காத்தாடி. செல்லூரில் எங்கள் தெருவில் அதை 'ரெக்கை வச்ச டவுன் பஸ்' என்று கேலி செய்வார்கள். எனக்குக் கோபம் வரும், நீ சிரிப்பாய். நான் கவுண்டரில் டிக்கெட் எழுதி, பெட்டிகளை எடை போடுவேன். நீ எல்லா எடையையும் கூட்டிப் பார்த்து, யாரை முன்னால் உட்கார வைப்பது, யாரை வால் பக்கம் அனுப்புவது என்று முடிவு செய்து லோடு ஷீட்டில் கையெழுத்துப் போடுவாய். அது கைக்கு வராமல் கேப்டன் என்ஜினைத் தொடமாட்டார்.

சின்ன விமானம் என்பதால் ஆட்களின் எடையும் வேண்டும். நாலு பேர் பார்க்கத் தராசில் ஏறுவதற்கு நம் ஊர்ப் பெண்கள் சம்மதிப்பார்களா? அதனால் நீயே கண்ணால் எடை போட்டாய். ஏறெடுத்துப் பார்த்தது போலவே இருக்காது, தாளில் எண் விழுந்திருக்கும். நம்பாமல் நாங்கள் லோடர்களை ஒவ்வொருவராக நிறுத்திச் சோதித்தோம். ஒரு கிலோவுக்கு மேல் நீ தவறியதில்லை. "எங்க ஊர்ச் சந்தையில மாட்டையே பாத்துச் சொல்லுவோம், மனுசன் எம்மாத்திரம்" என்றாய். அவ்வளவு அலட்டல் உனக்கு.

அந்தச் சித்திரை மாத மத்தியானத்தை என்னால் மறக்கவே முடியாது. என் தெருவிலிருந்து ஒரு கல்யாணக் கோஷ்டி, எங்கள் சௌராஷ்டிர ஜனம், மணப்பெண்ணோடு பதினாறு பேர். மறுநாள் காலை மெட்ராஸில் முகூர்த்தம். யாருமே அதற்கு முன் விமானத்தில் ஏறியதில்லை. வெயில் காலத்தில் நீ எப்போதும் இரண்டு சீட்டைக் காலியாக விடச் சொல்வாய். "வெயில்ல காத்துக்கே தெம்பு இருக்காது, நம்மள எங்கிட்டுத் தூக்கும்" என்பாய். அன்றும் அப்படித்தான். பெட்டிகளின் எடை அளவைத் தொட்டுவிட்டது. அப்போதுதான் பெண்ணின் அம்மா, சீர் முறுக்கு நிறைந்த எவர்சில்வர் தூக்குகளையும் குத்துவிளக்குகளையும் பித்தளைக் குடங்களையும் காட்டி, எங்கள் வீட்டு மொழியில் என்னிடம் கேட்டார், இதையெல்லாம் மடியில் வைத்துக்கொண்டால் எடை ஏறாதல்லவா என்று.

ஏறாது என்றேன். தெருக்காரர் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பஸ்ஸில் மடியில் வைத்த கூடைக்கு லக்கேஜ் போடுவதில்லையே. விமானக் கம்பெனியில் மூன்று வருஷம் வேலை பார்த்தவனின் புத்தி அது.

எல்லோரும் ஏறிய பிறகு நீ வெளியே வந்தாய். விமானத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தாய். வால் பக்கம் தாழ்ந்திருப்பதைப் பார்த்து உள்ளே ஏறினாய், இறங்கி வந்து என்னிடம், "மடியில எல்லாம் என்ன மாப்ள?" என்றாய். நான் தரையைப் பார்த்தேன். உனக்குப் புரிந்துவிட்டது.

மேனேஜர் ஓடிவந்தார். பெண்ணின் மாமா கம்பெனியில் பங்குதாரர்.

"போடுய்யா கையெழுத்த. நூறு கிலோவுல என்ன ஆயிரப்போகுது?"

"ஒண்ணும் ஆகாமயும் போகலாம் சார். ஆனா நான் போட மாட்டேன்."

"அப்ப நாளையிலருந்து வராத."

"சரி சார். இன்னைக்கு இருக்கேன்ல? இன்னைக்கு இறக்கிட்டுப் போறேன்."

உன் வீட்டில் சம்பாதிக்கிற ஆள் நீ ஒருவன்தான். அது எனக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். நீ ஒவ்வொரு தூக்காக உன் கையாலேயே இறக்கினாய். பெண்ணின் அம்மா உன்னைச் சபித்த சாபத்தை நல்லவேளை நீ புரிந்துகொள்ளவில்லை, எனக்குப் புரிந்தது. எல்லாம் இறக்கிய பிறகும் விமானம் ஓடுபாதையின் கடைசி வரை ஓடித்தான் எழும்பியது. மேனேஜர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சீர்ச் சாமானையெல்லாம் பஸ்ஸில் ஏற்றி, முகூர்த்தத்துக்கு முன் மண்டபத்தில் சேர்த்தது நான்.

ஆனாலும் விசாரணை வந்தது. மடியில் வைக்க யார் விட்டது என்று கேட்டார்கள். "நான்தான் கவனிக்கல" என்றாய். நான் வாயைத் திறந்தேன், நீ என் காலை மிதித்தாய். வெளியே வந்து, "ரெண்டு தங்கச்சி கல்யாணத்துக்கு நிக்குது ஒனக்கு. பேசாம இரு" என்றாய். இருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

உன்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் வேறொருவர் கையெழுத்திட்ட தாளைக் கேப்டன் வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். "அவர வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறக்கை நிழலில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். கம்பெனி ஜீப் உன் ஊருக்குப் பறந்தது. கரும்புத் தோட்டத்து மண் ஒட்டிய காலோடு நீ வந்து இறங்கினாயே, அந்தக் காட்சியை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் தெரியுமா. அன்று எனக்கு வந்த கர்வம் என் சொந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போனபோதுகூட வரவில்லை.

சில வருஷத்தில் உதிரிபாகத்துக்கு வழியில்லாமல் கம்பெனியை ஊத்தி மூடினார்கள். நீ காளவாசலில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் போய் உட்கார்ந்தாய். கம்பெனி கேலிக்கு ஆளானது உண்மைதான். ஆனால் அது ஓடிய காலம் முழுக்க ஒரு பயணி மேலும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

நீ போய்ச் சேர்ந்து, உன்னை எடுத்த அன்று வாசலில் உன் சொந்தக்காரர் ஒருவர் யாரிடமோ, "ஏரோப்ளேன் கம்பெனியில மூட்டை தூக்குனவருப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தூக்குகள், குடங்கள், ஏறாது என்று நான் சொன்னது, நான் மூடிய வாய், எல்லாம். உன் மகள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அப்பா ஒருநாள் கூட இதச் சொல்லலையே மாமா?"

"சொல்லியிருந்தா என்னைய காட்டிக் குடுக்கணும்லம்மா" என்றேன்.

அன்றிலிருந்து கேட்கிறவர்களுக்கெல்லாம் என் தப்பிலிருந்து தொடங்கித்தான் உன் கதையைச் சொல்கிறேன்.