நாலு விரல் உயரம்

மார்ச் 4
கண் ஆபரேஷன் முடிந்து பதினெட்டு நாள். பஸ் ஓட்டாமல் வீட்டில் கிடப்பது பைத்தியம் பிடிக்க வைக்கிறது. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, மலை வரைக்கும் போகும் சாலையைப் பென்சிலில் வரைய ஆரம்பித்தேன். கண் மட்டத்தில் ஒரு கோடு, அதில் ஒரு புள்ளி. சாலை ஓரங்கள், கம்பங்கள், கூரைகள் எல்லாம் அந்தப் புள்ளியை நோக்கித்தான் ஓட வேண்டும். எது எந்த உயரம் என்பதற்கு ஜன்னலின் குறுக்குக் கம்பிகள்தான் அளவு; மலையடி மூன்றாவது கம்பியில்.

மார்ச் 7
மலைக்கு வெளிறி எழுதும் 2H பென்சில், அழுத்தாமல். பக்கத்து மரத்துக்குக் கறுப்பான 6B. தூரம் போகப் போக வெளுக்க வேண்டும். நான் மலையைக் கறுப்பாக்கிவிட்டேன். மனைவி எட்டிப் பார்த்து, "மலை வீட்டுக்குள்ளயே வந்துரும் போலருக்கே" என்றாள். அழித்தேன்.

மார்ச் 8
முதுகு வலி. இடப்பக்கம் முடிந்தது.

மார்ச் 11
வலப்பக்கக் கட்டிடங்கள் சரியில்லை. பார்த்தபடியேதான் வரைந்தேன். ஸ்கேல் வைத்து நீட்டினால் கூரைக் கோடுகள் புள்ளிக்கு மேலே போய்ச் சேருகின்றன.
கண்ணில்தான் கோளாறா? ஒரு கண்ணை மூடி, மற்றதை மூடி, மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒண்ணும் புரியல. இருபதாம் தேதி டெஸ்ட். தேறலைன்னா வண்டியைத் தொட விடமாட்டாங்க. இருபத்திரண்டு வருஷம்... அவகிட்ட எப்படிச் சொல்றது?

மார்ச் 12
சாப்பாடு இறங்கவில்லை. அவளிடம் பல் வலி என்று புளுகினேன்.

மார்ச் 13
"பல்லு இருக்கட்டும், முதுகு எப்படி இருக்கு? நாற்காலித் துணிக்கு அடியில நான் தலையணை வெச்சு நாலு நாளாச்சே" என்றாள்.
எழுந்து துணியைத் தூக்கினேன். தலையணை. அமுங்கியும் நாலு விரல் உயரம். வலப்பக்கம் முழுக்க இதன்மேல் உட்கார்ந்துதான் வரைந்திருக்கிறேன். என் கண் ஏறியதும் ஜன்னல் கம்பிக்கு எதிரே ஊரே ஏறியிருக்கிறது. அதை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். மலையடி பழையபடி மூன்றாவது கம்பிக்கு வந்து நின்றது.
அப்பாடா. தினமும் சீட் உயரம் பார்க்காமல் சாவியைத் தொடாதவன் நான். புத்தி எங்கே போச்சு?
பயந்ததை அவளிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "அதுக்கா மூணு வேளை கஞ்சி காய்ச்ச வெச்சீங்க?" என்று திட்டினாள். வலப்பக்கம் முழுவதையும் அழித்தேன், சீட்டியடித்துக்கொண்டே.

மார்ச் 20
கடைசி வரி வரைக்கும் படித்தேன். டாக்டர், "போதும், நிறுத்துங்க" என்றார்.

மார்ச் 22
காலை முதல் வண்டி. பாலம் தாண்டியதும் கண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, கண்ணுல தண்ணியா வருது. இன்னும் சரியாகலையா?" என்றான்.
"சரியாயிடுச்சுப்பா" என்றேன்.