வலி போச்சு, கல்லு போகலை

அன்புள்ள பாப்புவுக்கு,

அம்மா எழுதறேன். இங்க எல்லாரும் நடமாடிக்கிட்டு, சண்டை போட்டுக்கிட்டு நல்லபடியா இருக்கோம், நீயும் அங்க வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லா இருக்கணும். போன்ல சொன்னா நீ சரிம்மா சரிம்மான்னு வெச்சிடுவே, உங்கப்பா பக்கத்துல நின்னு ஒண்ணுமில்லை ஒண்ணுமில்லைன்னு கத்துவார், அதான் எழுத்துலயே போடறேன்.

அப்பாவுக்கு ஆபரேஷன் ஆச்சு. பதறாதே, வீட்டுக்கு வந்தாச்சு, வந்ததும் டீயில சர்க்கரை பத்தலைன்னு குறையும் சொல்லியாச்சு. போன வருஷம் இடுப்பு வலின்னு தரையில கிடந்து புரண்டாரே, சிறுநீரகத்துல கல்லுன்னு டாக்டரம்மா மாத்திரை கொடுத்து, தண்ணி நிறைய குடிங்க, அப்புறம் ஸ்கேன் எடுத்துட்டு வாங்கன்னு சொல்லிச்சே, கொஞ்ச நாள்ல வலி போச்சு. கல்லு விழுந்துடுச்சுன்னு தெருவெல்லாம் தம்பட்டம் அடிச்சார், ஸ்கேனுக்குப் போகவே இல்லை. நான் ஞாபகப்படுத்தினா நச்சரிக்கிறேனாம். அவர் பிழைப்பும் அப்படி, கிரேன் மேல அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள்ள ஏறிட்டா மத்தியானம்தான் இறங்குவார், நடுவுல ஒண்ணுக்கு வந்தா அத்தனை ஏணியும் இறங்கி ஏறணும், அதுவரைக்கும் கீழ அத்தனை பேரும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும், அதுக்காகவே வாயை நனைக்கிறதில்லை. நான் நிரப்பிக் கொடுத்த பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும், மறுநாள் அதையே தூக்கிட்டுப் போவார் மகராசன்.

கிரேன் ஓட்டறவங்களுக்கு வருஷா வருஷம் எடுக்கிற ரத்தப் பரிசோதனையில கிரியேட்டினின் ஏறியிருக்குன்னு வந்தது, சிறுநீரகம் ஒழுங்கா வேலை செய்யலைன்னா அந்தக் கழிவு ரத்தத்துல தங்கிடுமாம். ஸ்கேன் எடுத்தா, கல்லு விழவே இல்லை, சிறுநீரகத்துல இருந்து இறங்குற குழாயை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. சிறுநீர் போக வழியில்லாம தேங்கித் தேங்கி இடது சிறுநீரகம் வீங்கிக் கெட்டே போச்சு. வலியே இல்லையேன்னு அப்பா வாதாடினார். அடைப்பு அப்படியே இருந்தும் வலி நின்னுபோகும், அப்பவே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டரம்மா சொல்லிச்சு. கல்லை எடுத்தாச்சு, ஆனா அந்தப் பக்கம் போனது போனதுதானாம், இனிமே வலது பக்கம்தான் எல்லாத்தையும் பாத்துக்கணும். வெளிய வந்து பெஞ்சுல உக்காந்து அழுதுட்டேன். உங்கப்பா ஒரு பாட்டில் தண்ணியை ஒரே மூச்சுல குடிச்சுக் காட்டறார். வந்த கோபத்துக்கு அந்தப் பாட்டிலாலயே ரெண்டு போட்டிருப்பேன். இப்போதைக்குக் கீழ நின்னு சைகை காட்டற வேலை கொடுத்திருக்காங்க, ஏறக் கூடாதுன்னதுல முகம் தொங்கிப்போச்சு.

இப்ப உன் கதைக்கு வரேன். ஃபேக்டரியில தூசி விழக் கூடாதுன்னு போடற அந்த வெள்ளை உடுப்பைத் தலையில இருந்து கால் வரைக்கும் மாட்டிட்டா கழட்டி மாட்டறது பெரிய பாடு, அதனால ஷிஃப்ட் முடியறவரை தண்ணியே குடிக்கிறதில்லைன்னு நீதானே சொன்னே. அப்புறம் முதுகோரம் வலின்னே, சிறுநீர் சிவப்பாப் போச்சுன்னே. போன மாசம் கேட்டா எல்லாம் தானாப் போயிடுச்சும்மான்னு சிரிச்சே. அன்னிக்கு எனக்கு அப்பாடான்னு இருந்தது. இப்ப அந்தச் சிரிப்பை நினைச்சாலே பயமா இருக்கு பாப்பு. லீவு போட்டுட்டுப் போய் ஸ்கேன் எடு, டாக்டர்கிட்ட காட்டு, எவ்வளவு தண்ணி குடிக்கணும்னும் கேட்டுக்கோ. வலி இல்லைன்னு மட்டும் என்கிட்ட சொல்லாதே.

நோய் நொடி இல்லாம நீ நூறு வயசு நல்லா இருக்கணும். குளிருக்குக் காதை மூடிக்கோ. ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்ப மறக்காதே. எழுதினதை உங்கப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன், ஒண்ணுமில்லைன்னு சொல்லுவார்னு பாத்தேன். சொல்லலை. நாளைக்கே போகச் சொல்லுன்னார்.

இப்படிக்கு,
உன் அம்மா