வாய் என்னுது, குரல் அவங்களுது

ஆடி, மூன்றாம் வெள்ளி

வெயில். காற்று இருந்தும் புழுக்கம். காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஞாயிறு அம்மனுக்குக் கூழ், கேழ்வரகு இன்னும் அரைக்கவில்லை. மில்லில் பூட்டு.

நாளை சென்னைக்கு. பாட்டுக்கார வேதவல்லியம்மா ஊர் ஊராகப் போய் அம்மன் பாட்டு பாடியதைப் படமாக எடுத்திருக்கிறார்களாம். திரைப்பட விழாவில் ஒரே ஒரு தடவை போடுகிறார்கள். போன ஆடியில் நம்ம கோயிலுக்கு வந்தபோது, கீழே நின்று கூடவே பாடிய என்னை அவங்களே கையைப் பிடித்து மேடையேற்றி மைக்கைக் கொடுத்தார்கள். ரெண்டு அடி பாடினேன். கேமரா மூஞ்சிக்கு நேராக. உதறலில் என் குரல் எனக்கே காதில் விழவில்லை. எப்படி இருந்தது என்று இன்றுவரை தெரியாது. அதைக் கேட்கணும். அவ்வளவுதான்.

நாத்தனார் வசந்தா: "காப்பு கட்டிக்கினு சினிமாவுக்குப் போறியா அண்ணி? நல்லா கீது."

"ராத்திரி வெளியூர்ல தங்கினாத்தான் தப்பு. சாயங்காலம் வந்துடுவேன்."

"நீ பாடுனதையா போடப்போறான்? அந்த நேரம் கேமராக்காரன் டீ குடிக்கப் போயிருப்பான்."

இவளுக்கு எப்பவும் இதே வேலை. தாயே, நீதான் பார்த்துக்கணும்.

சனி

ரயில் லேட். பொன்னேரியில் சும்மாவே நின்றது. தங்கச்சி மகள் ரேவதி கூட வந்தாள், கம்பெனியில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு. தியேட்டர் வாசலில் செக்யூரிட்டி பையைச் சோதித்தான். எலுமிச்சம்பழம்.

"இது எதுக்கும்மா?"

"சாமிக்குப்பா."

"உள்ள சாமி இல்லியேம்மா."

வாங்கி வைத்துக்கொண்டான்.

உள்ளே ஏசி, ஒரே குளிர். படத்துக்கு முன்னால் ஆளுக்கு ஆள் பேச்சு, பாதி இங்கிலீஷ். பேஜார்.

திரையில் வேதவல்லியம்மா முகம் வந்ததும் "ஓம் சக்தி!" என்று எழுந்து கத்திவிட்டேன். ஊரென்றால் அத்தனை பேரும் "பராசக்தி!" என்பார்கள். இங்கே ஒரு சத்தம் இல்லை. முன் சீட்டு ஆள் திரும்பி "ஷ்ஷ்". நான் நின்றபடியே. ரேவதிதான், பாவம், தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக, "பராசக்தி, பெரியம்மா. உக்காரு."

அப்புறம் நம்ம கோயில். சீரியல் லைட்டு. பச்சைப் புடவையில் நான். வாயைத் திறக்கிறேன். வருவது வேதவல்லியம்மா குரல்! கேசட்டில் இருக்கிற அதே குரல். வாய் என்னுது, குரல் அவங்களுது.

முடிந்ததும் டைரக்டர் வந்து, கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார். எழுந்தேன்.

"அந்தப் பச்சப் பொடவ நான்தாம்பா. என் கொரலு இன்னாச்சி?"

"அம்மா, நீங்களா! சாரிம்மா, சுருதி கொஞ்சம் விலகிடுச்சு. அதான் ஸ்டூடியோவுல பாடினதைப் போட்டோம். உங்க எக்ஸ்பிரஷன் சூப்பர்."

"பழசு கீதா? ஒரு தபா போட்டுக் காட்டு. கேட்டுட்டுப் போறேன்."

"அழிச்சிட்டோம்மா."

எல்லாரும் கை தட்டினார்கள். எதுக்குத் தட்டுகிறார்கள்?

ரயிலில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்துகொண்டேன். ரேவதி பயந்துவிட்டாள், உடம்புக்கு என்ன என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வேதவல்லியம்மா மேல் கோபமா? தெரியவில்லை. சாமி பாட்டு பாடுகிற வாயைத் திட்டக்கூடாது. டைரக்டரைத் திட்டலாம். திட்டினேன், மனசுக்குள்.

கரண்ட் வந்திருந்தது. மாவு அரைத்துக் கரைத்து வைத்தேன்.

ஞாயிறு

கோயிலில் கூழ் ஊற்றினோம். கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. ரேவதி எல்லாவற்றையும் உளறிவிட்டாள். வசந்தா சிரிப்பாள் என்று பார்த்தால், கூழ்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு நேராக வந்தாள்.

"சுருதி விலகிடுச்சாமா? ஆத்தா இன்னா சுருதிப் பொட்டி வெச்சிக்கினா கேக்குறா? மேடை ஏறு அண்ணி. பாடு."

"போடி. மாட்டேன்."

"அப்ப நான் பாடுவேன். கூழ் குடிக்க ஒருத்தனும் நிக்க மாட்டான், பாத்துக்கோ."

ஏறினேன். மைக் செட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "எக்கோ வெக்கட்டுமாக்கா? எடுப்பா இருக்கும்."

"ஒண்ணும் வெக்காத. எப்டி வருதோ அப்டியே வுடு. நான் கேக்கணும்."